தையலுக்கு விட்டு வெட்டிய மிளகாய்ச் செடி

எங்க வீட்டுக்காரர் தையல்காரர். வெட்டுறதுல கெட்டிக்காரர்னு தெருவே சொல்லும். அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு மிளகாய்ச் செடிகிட்ட பல்லிளிச்சதை நான்தான் சொல்லணும்.

ஒரு காய்ச்சல் வந்து போனதுலேர்ந்து அவருக்கு நாக்குல ருசியே இல்லை. எதை வச்சாலும் மண்ணு மாதிரி இருக்குன்னு தட்டைத் தள்ளிடுவார். "ருசி தானா திரும்பும், அதுவரைக்கும் எப்படியாவது சாப்பிட வைங்க"ன்னார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டார். பால்கனித் தொட்டியில இருந்த மிளகாய்தான் கைகொடுத்துச்சு. அந்த உறைப்பு மட்டும் நாக்குக்குத் தெரியும், அந்தச் சாக்குல நாலு வாய் உள்ள போகும். கடை மிளகாய் அவருக்கு வெறும் புல்லாம்.

அந்தச் செடிக்கும் சீக்கு வந்துச்சு. இலை மஞ்சளாச் சுருண்டு, பூவெல்லாம் கொட்டிச்சு. நர்சரிக்காரரைக் கேட்டோம். "தண்ணி ஊத்தியே வேரை மூச்சுமுட்ட வச்சிருக்கீங்க. மண்ணு காயட்டும். பூ, பிஞ்சு எல்லாத்தையும் கிள்ளிட்டு, கிளையைப் பாதிக்கு வெட்டி நிழல்ல வைங்க"ன்னார்.

இவர் சாக்பீஸை எடுத்துட்டு வந்து கிளையில கோடு போட்டார். மனசு வரலை. மேல இன்னொரு கோடு, அதுக்கும் மேல ஒண்ணு. கடைசியில நுனியை மட்டும் நறுக்கினார்.

"பாதிக்கு வெட்டச் சொன்னாரே?"

"தையலுக்குக் கொஞ்சம் கூடுதலா விடாம வெட்டக்கூடாதுடி. வேணும்னா அப்புறம் குறைச்சுக்கலாம்."

"இது என்ன சட்டையா?"

"எனக்குத் தெரியும், நீ போ."

பிடிச்ச பிடியை விடுற ஆளா அவர்? வாராவாரம் நுனியை மட்டும் நறுக்குவார். பிஞ்சைத் தொட விடமாட்டார். "இதையும் கிள்ளிட்டா நான் எதைக் கடிக்கிறது?"ம்பார். அதுல உறைப்பும் இல்லை, ஒண்ணும் இல்லை. சாப்பாடு அப்படியே திரும்பி வரும். ஆக்கிப்போட்டு ஆக்கிப்போட்டு எனக்குக் கையும் மனசும் விட்டுப்போச்சு.

ஒருநாள் பார்த்தா, மிஷின்ல உட்கார்ந்து தன் சட்டையையே பக்கவாட்டுல பிடிச்சுத் தைச்சுக்கிட்டிருக்கார். உடம்பு இளைச்சுத் தொளதொளன்னு ஆனதால ஏற்கனவே ஒரு தடவை பிடிச்சுத் தைச்ச சட்டை அது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிச்சு. மேஜையில கிடந்த கத்தரிக்கோலை எடுத்துட்டுப் போய், பூ, பிஞ்சு, கிளைன்னு பார்க்காம ஒட்ட வெட்டிப் போட்டேன்.

ஓடி வந்தவர் மொட்டையா நின்ன செடியைப் பார்த்தார். "துணி வெட்டுற கத்தரிடி அது"ன்னார். அதோட பேச்சை நிறுத்திட்டார். வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடும்ல.

கொஞ்ச நாள்ல கணுவுக்குக் கணு பச்சையாத் துளிர் எட்டிப் பார்த்துச்சு. தினம் குனிஞ்சு பார்ப்பார், என்கிட்ட மட்டும் சொல்லமாட்டார். ஆனா துளிரையா கடிக்க முடியும்? அது எப்போ பூத்து, எப்போ காய்ச்சு, இவர் எப்போ சாப்பிடுறது? அந்த ஆத்திரத்துல அடுப்படியில எதை எவ்வளவு போட்டேன்னு எனக்கே நினைவில்லை. தட்டை டொக்குனு வச்சேன்.

ஒரு வாய் வச்சவர் முகத்தைச் சுளிச்சார். "உப்பு கரிக்குது."

"என்ன சொன்னீங்க?"

"காது கேக்கலையா? உப்பு கரிக்குதுங்கிறேன்."

அவர் தட்டுலேர்ந்தே ஒரு வாய் எடுத்துத் தின்னு பார்த்தேன். நிஜமாவே கரிச்சுது.