அண்ணி கொடுத்த கோவைக்கொடி

என் அண்ணன் பெண்டாட்டிக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை என்றால் தொண்டையில் சோறு இறங்காது. கல்யாணமாகி வந்த புதிதிலேயே எங்களுக்கு அது தெரிந்துவிட்டது. சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக் கூடத்தில் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்ன ஆச்சு அண்ணி என்று கேட்டேன். "ஒண்ணும் ஆகலையே, நல்லாத்தான் ஓடிச்சு. எப்படித்தான் ஓடுதுன்னு பாக்கலாம்னு..." என்றார். அதற்குப் பிறகு அது ஓடவில்லை. அண்ணன் புதிதாக ஒன்று வாங்கி, ஸ்டூல் போட்டாலும் எட்டாத உயரத்தில் மாட்டினான்.

அண்ணிக்கு ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசை வேலை. டோக்கன் கொடுப்பது, ஃபோன் எடுப்பது, கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருகிறவர்களை உட்கார வைப்பது. இதில் கேள்வி கேட்க என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். "படுத்தா மட்டும் ஏங்க வலி ஜாஸ்தியாகுது?" என்று வலிக்கிறவரையே கேட்பார். அந்த மனிதர் பாவம், தாடையைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுவார். உள்ளேயிருந்து டாக்டரம்மா சத்தம் போடுவார்: "முதல்ல அவரை உள்ள அனுப்பும்மா, உன் விசாரணையெல்லாம் அப்புறம்!"

இப்படிப்பட்டவர் செடி வளர்க்கிற கூட்டத்தில் போய் மாட்டியது ஒரு மழையால்தான். நூலகத்து மாடி ஹாலில் மாதம் ஒரு முறை வீட்டுத்தோட்டக்காரர்கள் சங்கத்தின் பேச்சு நடக்கும். யாராவது ஒருவர் வந்து உரம், பூச்சி, தொட்டி மண் என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுவார். மழைக்கு ஒதுங்கப் படியேறிய அண்ணி பின்வரிசையில் உட்கார்ந்தார். அன்றைக்கு மண்புழு உரம். பேச்சு முடிந்ததும் கையைத் தூக்கி, "மண்புழு தூங்குமா சார்?" என்று கேட்டாராம். ஹாலே சிரித்திருக்கிறது. பேச வந்தவர் மட்டும் சிரிக்காமல் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "தெரியலையேம்மா" என்றிருக்கிறார். அந்தப் பதிலில் அண்ணி விழுந்துவிட்டார். "தெரியலைன்னு எவ்வளவு அழகா சொன்னார் தெரியுமா!" என்று வீட்டுக்கு வந்து மாய்ந்து மாய்ந்து போனார்.

அடுத்த மாதம் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்குச் செடி என்றால் ஒன்றுதான் தெரியும், தண்ணீர் ஊற்ற மறந்தால் செத்துப்போகும். சும்மா உட்கார்ந்திருந்த என் கையில் மைக்கைக் கொடுத்து, கேள்வி கேட்பவர்களிடம் கொண்டு போகச் சொன்னார்கள். பாதி நேரம் அண்ணி பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. பேசாம இதை இவங்க கழுத்துலயே கட்டி விட்டுடுங்க என்று சங்கத் தலைவரிடமே சொல்லிவிட்டேன்.

அந்தச் சங்கத்தில் வருஷா வருஷம் செடி பரிமாறிக்கொள்ளும் நாள் ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு விதை, ஒரு குச்சி, ஒரு கன்று கொண்டு வர வேண்டும். அண்ணியிடம் என்ன இருக்கிறது? ரெண்டு தொட்டியும் ஒரு வாடிய துளசியும்தான். வெறுங்கையோடு போவதாவது என்று பஸ் டிப்போ பின்பக்க வேலியில் தேடினார். அங்கே கோவைக்கொடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படர்ந்து கிடந்தன. எதிலே பூ கொட்டிக் கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்து, வெள்ளை வெளேரென்று பூத்திருந்த ஒரே கொடியிலிருந்து கட்டுக்கட்டாகக் குச்சி வெட்டிக் கொண்டுவந்தார். அன்றைக்கு ஹாலில் அதுதான் முதலில் தீர்ந்தது.

கோவை நட்டால் உடனே பிடித்துக்கொள்கிற ஜென்மம். யார் வீட்டிலும் பட்டுப்போகவில்லை. கொஞ்ச நாளில் மொட்டைமாடி, பால்கனி, ஜன்னல் கம்பி என்று எல்லார் வீட்டிலும் அண்ணி கொடுத்த கொடி ஏறிவிட்டது. "கோவை அக்கா வந்தாச்சு" என்று ஹாலில் இடம் விட ஆரம்பித்தார்கள். இத்தனை வருஷமாக "அடுத்த டோக்கன்!" என்று கூப்பிட்டே பழகியவரை, நாலு பேர் எழுந்து நின்று கூப்பிட்டார்கள். அண்ணி புதுச் செருப்பு வாங்கினார். நான் கவனித்தேன்.

பூத்தது. வருஷா வருஷம் பூத்துக்கொண்டே இருந்தது. காய்தான் வரவில்லை.

இதற்கு யாரும் கவலைப்படவில்லை என்பதுதான் வேடிக்கை. தோட்டக்காரர்களுக்கு ஒரு பாடம் மனப்பாடம்: பூசணியோ சுரையோ, முதலில் ஆண் பூ வரும், கொடி முற்றினால் அதே கொடியில் பெண் பூ வரும், பொறுமையாக இரு. கோவையும் அந்த வழிதானே என்று எல்லாரும் காத்திருந்தார்கள். யாராவது பேச்சாளரிடம் கேட்கப் போனால், அவர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலிக்காரர் பதில் சொல்லிவிடுவார். "நுனியைக் கிள்ளி விடுங்க." "புளிச்ச மோர் தெளிங்க." "சாம்பல் போட்டீங்களா?" ஒருத்தி கொடிக்குப் பாட்டுப் போட்டுக் காட்டுவதாகச் சொன்னாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மைக்கோடு திரும்பிக்கொண்டேன்.

எல்லாரையும் விட அதிகம் பாடுபட்டவர் தபால் சார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேச மாட்டார். அவர் அந்தக் கொடிக்காக மொட்டைமாடி முழுக்க இரும்புப் பந்தல் போட்டார். தினமும் இலை இலையாகத் துடைப்பாராம். அண்ணியைப் பார்த்தால் மட்டும், "உங்க கொடி நல்லா இருக்கும்மா, இந்த வருஷம் காய்ச்சுடும்" என்பார். சங்கத்து ஆண்டு நிகழ்ச்சிக்கு யாரைப் பேசக் கூப்பிடலாம் என்று கேட்டபோது எழுந்து அண்ணி பேரைச் சொன்னதும் அவர்தான்.

மேடையில் அண்ணி! கோவைக்கொடி வளர்ப்பு பற்றி! அண்ணன் இதைத் தெருவில் இருக்கிற இஸ்திரிக் கடைக்காரர் வரைக்கும் சொல்லி வைத்தான். அண்ணி கிளினிக்கில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று பேசிப் பார்ப்பதாக டாக்டரம்மா என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

நிகழ்ச்சிக்குக் கொஞ்ச நாள் முன்பு நானும் அண்ணியும் ஒரு செடிக் கண்காட்சிக்குப் போனோம். ஒரு கடையில் தொட்டியில் கோவைக்கொடி, காயோடு. அண்ணி அதன் முன்னால் குனிந்தவர் நிமிரவே இல்லை. எனக்கோ கால் கடுக்கிறது. கடைக்காரம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது.

"வாங்கறீங்களா, இல்லை குடித்தனமே வந்துட்டீங்களா?"

அண்ணி காதில் விழவில்லை. ஒரு மொட்டைச் சுட்டு விரலால் லேசாகத் தூக்கிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது. தொட்டியை வாங்காமலேயே விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

மறுநாளிலிருந்து புதுப் பைத்தியம் ஒன்று தொடங்கியது. கிளினிக்கில் வாய்க்குள் விட்டுப் பார்ப்பார்களே, கம்பி முனையில் வட்டமாகச் சின்னக் கண்ணாடி, அதில் பழசு ஒன்றை டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஆனால் சங்கத்துக்காரர்கள் வீடு வீடாக என்னோடு ஏறி இறங்கினார். "பூச்சி இருக்கான்னு பாக்க வந்தேன்" என்பார். உயரத்தில் இருக்கிற பூவுக்கு அடியில் கண்ணாடியை நீட்டுவார், பார்ப்பார், அடுத்த பூ. ஒரு வீட்டிலும் கொடுத்த காபியைக்கூடக் குடிக்கவில்லை. கடைசியாகத் தபால் சார் மாடி. பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து, ஒரு பூ விடாமல் கண்ணாடியை நீட்டி நீட்டிப் பார்த்தார் அண்ணி.

"பூச்சி இல்லையேம்மா?" என்றார் தபால் சார்.

"பூச்சி இல்லை சார்" என்றார் அண்ணி.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பிடித்துக்கொண்டேன். "இப்ப சொல்றீங்களா, நான் இறங்கிடட்டுமா? ஊர் ஊரா என்னை இழுத்தடிச்சு என்னதான் தேடறீங்க?"

"பொம்பளைப் பூ எதுலயாவது ஒண்ணாவது இருக்கான்னு தேடினேன்டி. அந்தக் கடையில பாத்தேன், பூ விரியறதுக்கு முன்னாடியே அடியில பொடிசா ஒரு காய் இருக்கு. நம்ம யார் வீட்டுப் பூவுக்கு அடியிலயும் இல்லை. வெறும் காம்புதான்."

"அதான் பின்னாடி வரும்னு சொல்றாங்களே?"

"பூசணிக்கு வரும். இது பூசணி இல்லை, லைப்ரரி புஸ்தகத்துல பாத்துட்டேன். இதுல ஆண் கொடி தனி, பெண் கொடி தனி. நான் பூ நிறைய இருக்கேன்னு ஆண் கொடியாப் பாத்து வெட்டியிருக்கேன். அந்த ஒரே கொடியைத்தான் ஊர் பூரா நட்டு வெச்சிருக்காங்க. சாகற வரைக்கும் பூக்கும். காய்க்காது."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மோர், சாம்பல், பாட்டு! அண்ணி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. அழுதுகொண்டிருந்தார். 

விஷயத்தைக் கேட்டு அண்ணன் குதித்தான். "ஒரு வார்த்தை வாயைத் திறக்காதே. பேச்சை நல்லபடியா பேசிட்டு வா. ஒரு மாசம் போனதும் வேற குச்சி கொண்டுவந்து, இது புது ரகம்னு குடுத்துடு. யாருக்குத் தெரியப் போகுது?" எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. மனுஷிக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மேடை. அதில் ஏறி நின்று தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வாளா ஒருத்தி? அண்ணிக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

நிகழ்ச்சி அன்று ஹால் நிறைந்திருந்தது. தபால் சார் முன்வரிசையில், சட்டைக்கு இஸ்திரி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் மைக்கை அண்ணி கையில் கொடுக்கும்போது காதோடு, "அண்ணன் சொன்னதை ஞாபகம் வெச்சுக்கங்க" என்றேன். அண்ணி தொண்டையைக் கனைத்தார்.

"நான் உங்களுக்குக் குடுத்தது எல்லாமே ஆண் கொடி. அது காய்க்காது. இந்த வருஷம் இல்லை, எந்த வருஷமும் காய்க்காது. எனக்குத் தெரியாது அப்ப. இப்பத் தெரிஞ்சிடுச்சு."

முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் ஒவ்வொருவராகப் புரிந்தது. பின்னால் யாரோ, "அடக் கடவுளே, மூணு வருஷமா மோர் ஊத்தறேன்!" என்றார். பாதிப்பேர் சிரித்தார்கள், பாதிப்பேருக்குக் கோபம். "குடுக்கறதுக்கு முன்னாடி பாத்துக் குடுக்க வேண்டாமா?" என்று ஒரு அம்மாள் எழுந்தே கேட்டார். அண்ணி ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொன்னார். கொண்டுவந்திருந்த பூவைத் தூக்கிக் காட்டினார். ஆணுக்கு எப்படி, பெண்ணுக்கு எப்படி என்று விளக்கினார். இரண்டும் ஏன் தனித்தனிக் கொடியாக இருக்க வேண்டும் என்று யாரோ கேட்டபோது, "அது தெரியலை" என்றார். பேச்சின் நடுவிலேயே தபால் சார் எழுந்து வெளியே போய்விட்டார். அண்ணி பார்த்தார். ஆனாலும் முடித்துவிட்டுத்தான் இறங்கினார்.

அன்று மாலையே தபால் சார் கொடியை வேரோடு வெட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டோம். அடுத்த மாதப் பேச்சுக்கு அவர் வரவில்லை. "கோவை அக்கா" என்று யாரும் கூப்பிடவும் இல்லை. அண்ணி பின்வரிசையில் உட்கார்ந்து, முதல் தடவையாக ஒரு கேள்வியும் கேட்காமல் எழுந்து வந்தார். எனக்கு அந்த மைக் கல்லாய்க் கனத்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் அண்ணிக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். கதவைத் தள்ளிக்கொண்டு தபால் சார் வந்தார். பல்வலியா என்று பார்த்தால் கையில் சாப்பாட்டு டப்பா. முழங்கையெல்லாம் முள் கீறல். மேசையில் டப்பாவை வைத்துத் திறந்தார். உள்ளே ஈரத்துணியில் ஒரு கோவைக்குச்சி, நுனியில் ஒரு பூ.

"தோட்டம், வேலி எல்லாம் அலைஞ்சு இது கிடைச்சதும்மா. பெண்தான்னு நினைக்கிறேன். நடறதுக்கு முன்னாடி நீங்க பாத்துச் சொல்லுங்க."

நான் எட்டிப் பார்த்தேன். இப்போது எனக்கே தெரியும். பூவுக்கு அடியில் வெறும் காம்பு. அந்தப் பெரியவர் முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்க முடியவில்லை. மேசைக்கு அடியில் அண்ணி காலை மிதித்தேன், இன்றைக்கு ஒரு நாளாவது ஆமாம் என்று சொல்லித் தொலையுங்களேன் என்று.

அண்ணி பூவைத் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"இதுவும் ஆண்தான் சார்."

தபால் சார் டப்பா மூடியைப் போட்டு அழுத்தினார்.

"அதான் உங்ககிட்ட கொண்டுவந்தேன்" என்றார். "நாளைக்கு ரயில் பாதைப் பக்கம் போய்ப் பாக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு எப்ப லீவு?"