முதல் பாதி மாத்திரை

கொரோனா இரண்டாவது முறை வந்து ஊரைப் புரட்டியெடுத்தபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்பது ஒரு பேச்சுக்குத்தான், பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது.

ஒதியம்பட்டில் எங்கள் தெரு முழுவதற்கும் அப்போது ஒரே மருந்துச்சீட்டு. லாரி ஓட்டும் எதிர்வீட்டு மாமாவுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்தது அது. அவர் காய்ச்சல் தெளிந்து வாசலில் நின்று பீடி பற்றவைத்ததைத் தெருவே பார்த்தது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் சீட்டு போட்டோவாகி எல்லோருடைய போனிலும் ஏறிவிட்டது. காய்ச்சல் வந்தவர்களும் வராதவர்களும் மெடிக்கலில் போனை நீட்டி அதே ஐந்து வகை மாத்திரைகளை வாங்கி வந்தார்கள். வராதவர்கள்தான் அதிகம். அம்மாவும் வாங்கினாள். வந்த பிறகு அல்லாடுவதைவிட முன்கூட்டியே போட்டுவிடலாம் என்பது அவள் யோசனை.

அந்தச் சமயத்தில்தான் சித்தி மகள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். சோரியாங்குப்பத்தில் சித்திக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே நாளில் காய்ச்சல் கண்டுவிட்டது. அப்பா பைக்கில் போய் அவளை மட்டும் அழைத்துவந்தார். என்னைவிட ஒரு வயது சின்னவள். வந்த அன்றே என் தலையணை அவளிடம் போனது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மாத்திரை விஷயத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பெரியவர்கள் மாத்திரை என்பதால் அம்மா அதைக் காய் நறுக்கும் கத்தியால் இரண்டாக வெட்டுவாள். முதல் பாதி சித்தி மகளுக்கு. அவள் விழுங்கியதும் பக்கத்திலேயே உட்கார்ந்து நெற்றியில் கை வைப்பாள். கண்ணை விரித்துப் பார்ப்பாள். கையைத் திருப்பித் திருப்பித் தடவுவாள்.

“தல சுத்துதாம்மா? நெஞ்சு படபடன்னு அடிக்குதா? எங்கனா அரிக்குதா?”

“இல்ல பெரிம்மா.”

இப்படி அரைமணி நேரம் போகும். அதற்குப் பிறகுதான் இன்னொரு பாதி எனக்கு வரும். அதுவும் எப்படி? “இந்தா, முழுங்கு” என்று கையில் திணித்துவிட்டு அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். என் நெஞ்சு எப்படி அடிக்கிறது என்று கேட்க ஆளில்லை. உண்மையில் எனக்குத்தான் அது அடித்துக்கொண்டிருந்தது, பொறாமையில்.

சித்தி மகளும் லேசுப்பட்டவள் இல்லை. அம்மா மடியில் தலையை வைத்துக்கொண்டு ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பாள். பெற்ற பெண் ஓரமாக நிற்க, வந்தவள் மடியில் கிடப்பதா என்று எனக்கு வயிறெரியும். அவளுக்குக் காய்ச்சல் வந்து பைக்கில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட மாட்டார்களா என்றுகூட நினைத்திருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

சீட்டில் இருந்த ஐந்தில் கடைசி மாத்திரை மட்டும் கடையில் தீர்ந்துபோய் நான்கு நாள் கழித்துத்தான் கிடைத்தது. சிவப்பாக, அழகாக இருந்தது. அம்மா அதை வெட்டி ஒரு தட்டில் வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். சித்தி மகள் அம்மாவின் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். அந்த உட்காரல்தான் என்னைக் கிளப்பிவிட்டது. தட்டை இழுத்து இரண்டு பாதிகளையும் எடுத்து வாயில் போட்டு எச்சிலோடு விழுங்கினேன். அவளுக்கு மீதி வைக்கக்கூடாது என்பதைத் தவிர அந்த நிமிஷத்தில் எனக்கு வேறு நோக்கம் இல்லை.

கால்மணி நேரத்தில் உதடு தடித்தது. முகம் வீங்கியது. வாந்தி எடுத்தேன். மூச்சு பாதியிலேயே நின்று நின்று வந்தது. அம்மா என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள், உடனே கட்டிக்கொண்டாள்.

“அவளுக்குக் குடுத்துப் பாத்துட்டுதான உனக்குத் தருவன். அதுக்குள்ள ஏன்டி துன்ன?”

சாகக் கிடக்கும்போதும் இவளுக்கு அவள் முறைதான் பெரிதாக இருக்கிறது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது மூச்சு முட்டியதால் மட்டும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். யார் எழுதிக் கொடுத்த மாத்திரை என்று நர்ஸ் கேட்டதும் அம்மா போனை நீட்டினாள். நர்ஸ் அதைப் பெரிதாக்கிப் படித்தார்.

“இதுல அம்பத்தெட்டு வயசு, ஆம்பளன்னு போட்டிருக்கு. நீ யாருக்கும்மா குடுத்த?”

அம்மா போனைத் திரும்ப வாங்கி முந்தானையில் மூடிக்கொண்டாள்.

மறுநாள் வீட்டுக்கு வந்தோம். பூசணிக்காய் மாதிரி வீங்கிய முகத்தோடு நான் பைக்கிலிருந்து இறங்கினேன். அம்மா எனக்கு முன்னால் ஓடி, வாசலில் நின்ற சித்தி மகளை இறுகக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“உனக்கு எதுனா ஆயிருந்தா உங்கம்மாளுக்கு நான் இன்னாடி பதில் சொல்லுவன்.”

ஊசி குத்திக்கொண்டவள் நான். அழுகை அவளுக்கு. மிச்சமிருந்த மாத்திரைகளையெல்லாம் அம்மா அடுப்பில் போட்டுக் கொளுத்தியதைப் பார்த்தும் என் கோபம் அடங்கவில்லை. சித்தியும் சித்தப்பாவும் குணமாகி அவளை அழைத்துப்போன பிறகுதான் தலையணையும் அம்மாவும் என்னிடம் திரும்பி வந்ததாக எண்ணிக்கொண்டேன்.

இப்போது நான் நர்சிங் முதல் வருஷம். போன மாதம் வகுப்பில் மேடம் ஒன்று சொன்னார். ஒருவருக்குப் புது மருந்தை முதல்முறை கொடுத்தால் அரைமணி நேரம் பக்கத்தைவிட்டு நகரக்கூடாதாம். தலை சுற்றுகிறதா, நெஞ்சு படபடக்கிறதா, அரிப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். எல்லோரும் எழுதினார்கள். நான் எழுதவில்லை. அந்தக் கேள்விகளை அதே வரிசையில் அம்மா வாயால் நான் முன்பே கேட்டிருக்கிறேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒவ்வொரு முறையும் என் பாதி என் கைக்கு வந்திருக்கிறது.

பொங்கலுக்குச் சித்தி மகள் வந்திருந்தாள். அம்மா அவள் தட்டில் கறியை அள்ளி அள்ளி வைத்தாள். வேண்டாம் என்றாலும் விடமாட்டாள், அந்த வருஷத்திலிருந்து அப்படித்தான். சித்தி மகள் என்னைப் பார்த்துப் பழைய ஓரக்கண்ணால் சிரித்தாள்.

“மாத்திரகூட எனக்குதான் மொதல்ல. பெரிம்மாவுக்கு உன்னவிட நான்தான் உசத்தி, தெரியும்ல?”

பரிமாறிக்கொண்டிருந்த அம்மாவின் கை அப்படியே நின்றது. நான் அம்மாவின் பக்கம் திரும்பவில்லை. இன்னும் வயிறெரிவதுபோல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, “தெரியும்டி” என்றேன்.