ஒரு நூல் குடுங்க

கீரனூரில் திருச்சி பஸ்ஸுக்காக டீக்கடையில் நின்றபோது, பெரிய மீசைக்காரர் ஒருவர் என் புதுச் சட்டையின் கையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“சுத்தமான காட்டனுங்க,” என்றேன் பெருமையாக. மண்ணில் மக்கும் துணிதான் உடுத்துவது என்று முடிவெடுத்து வாங்கிய முதல் சட்டை அது.

“ஒரு நூல் குடுங்க,” என்றவர், தானே ஓரத்தில் உருவித் தீக்குச்சியில் காட்டினார். நூல் உருகிக் கறுப்பு மணியாகச் சுருண்டது.

“காட்டன்னா சாம்பலாப் போயிருக்கும். இது பாலியஸ்டருங்க.”

எனக்கு முகம் சுண்டிவிட்டது. “ஒங்க சட்டை?” என்றேன்.

“இதுவும் பாலியஸ்டர்தான். காட்டன் சட்டையெல்லாம் நூல் உருவிப் பாத்தே தீந்துபோச்சுங்க,” என்றார் சிரிக்காமல்.

இப்போது நானும் நூலைக் கொளுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறேன். அவருக்கு நன்றி சொல்ல ஆசைதான். நல்ல சட்டையோடு அவர் பக்கம் போகத்தான் பயமாக இருக்கிறது.