சதை போட்ட வருஷம்

போன வாரம் சென்னையில் மகள் வீட்டில் இருந்தேன். கூரியரில் ஒரு டின் வந்தது. மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த வெள்ளித் தாளை அவள் கிழித்ததுதான் தாமதம், சமையலறை முழுக்க அந்த வாசனை. பாலைச் சுண்டக் காய்ச்சி, கொஞ்சம் அடிபிடிக்க விட்டு, அதில் வறுத்த மாவைக் கொட்டியது மாதிரி ஒரு வாசனை.

"இன்னாடி இது?" என்றேன்.

"உடம்பு இளைக்கிறதுக்கும்மா. ராத்திரி சோத்துக்குப் பதிலா இதைக் கலக்கிக் குடிச்சாப் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு இல்லை. இதே வாசனையுள்ள மாவைத்தான், செஞ்சியில் எண்பதுகளின் நடுவில், எனக்கு உடம்பு ஏறுவதற்கென்று கொடுத்தார்கள். ஏற்றவும் அதுவே, இறக்கவும் அதுவே. விற்கிறவன் கெட்டிக்காரன், வேறென்ன சொல்வது?

இப்போது என்னைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். ஆட்டோவில் நான் ஏறினால் டிரைவர் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார். ஆனால் அப்போது எனக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். அம்மா கோபம் வந்தால் ஓணான் என்பாள். சிங்கவரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. வேர்க்கடலை போட்டிருந்தோம். எங்கள் பக்கம் அதை மல்லாட்டை என்போம். நிலத்தில் வேலை நடந்தால் செஞ்சியிலிருந்து தூக்குச்சட்டியில் சோறு எடுத்துக்கொண்டு நான்தான் போவேன். நடக்க மாட்டேன், ஓடுவேன். குழம்பு சிந்திவிடும், அதற்குத் தனியாகத் திட்டு வாங்குவேன். சைக்கிளில் போகிறவர்களோடு போட்டி போடுவேன். பாதிப் பேரை முந்தியும் இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம் என்றால் மற்ற பெண்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் ஓடுவார்கள். திமிராகச் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். திமிர் காட்டுவதற்கு என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

எனக்கு விளையாட்டு டீச்சர் ஆக வேண்டும். கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு, வெயிலில் நின்று, நாலு பெண்களை ஓட விட்டுக் கத்த வேண்டும். வேறு எந்த ஆசையும் கிடையாது. பிளஸ் டூ முடித்ததும் அந்தப் பயிற்சிக்கு மனு போட்டேன். கடலூர் மைதானத்தில் ஓடிக் காட்டச் சொல்லி ஆள் எடுப்பார்கள் என்றார்கள். அதற்குச் சில மாதம் இருந்தது. அந்த இடைவெளியில்தான் திண்டிவனத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள்.

கேசரி சாப்பிட்டார்கள், பஜ்ஜி சாப்பிட்டார்கள், என்னை நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அப்படி. பிறகு அம்மாவிடம் மெதுவாகக் கேட்டாள். மெதுவாக என்றால், தெருவுக்குக் கேட்கிற மெதுவாக.

"பொண்ணுக்கு நெஞ்சுல ஏதாச்சும் சீக்கு கீக்கு இருக்குதா? இருமல் வருதா?"

அந்தக் காலத்தில் ஒல்லியான பெண் என்றால் ஒன்று காசநோய், இல்லாவிட்டால் வீட்டில் சோறில்லை. மூன்றாவதாக ஒரு காரணம், அவள் ஓடுகிறாள் என்பது, யார் மூளையிலும் ஏறாது. அவர்கள் போனபிறகு அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு மாப்பிள்ளை போனதில் ஒரு வருத்தமும் இல்லை. "சோறு போடலன்னு சொல்லாம சொல்லிட்டுப் போறாளே" என்று அம்மா அழுததுதான் தாங்கவில்லை.

பாண்டிச்சேரியில் அத்தை இருந்தாள், என் நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தங்கை. விஷயம் கேள்விப்பட்டு பஸ் ஏறி வந்துவிட்டாள், கூடவே ஒரு பை நிறைய டின்கள். "பொண்ணுன்னா பூசினாப்ல இருக்கணும் அண்ணி. களியும் கூழும் குடுத்தா எங்க சதை போடும்? என் பொண்ணைப் பாருங்க" என்றாள். பார்த்தோம். கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பி இருந்தது. அத்தோடு வழக்கு முடிந்தது.

அன்றிலிருந்து ஆரம்பித்தார்கள். விடிந்ததும் ஒரு பெரிய டம்ளர் பாலில் டின் மாவு, அதில் சர்க்கரை. பத்து மணிக்குக் கிரீம் பிஸ்கட். மத்தியானம் சோற்றில் வனஸ்பதியை உருக்கி ஊற்றுவாள் அம்மா. சாயந்தரம் பஜார் பேக்கரியிலிருந்து ஜாம் தடவிய பன். படுக்கும் முன் டப்பாவில் வரும் கெட்டிப்பாலை ரொட்டியில் ஊற்றி ஒரு கிண்ணம். இதில் ஒரு கூத்து சொல்கிறேன். எங்கள் நிலத்து மல்லாட்டை மூட்டை மூட்டையாக லாரி ஏறி எண்ணெய் ஆலைக்குப் போகும். நாங்கள் ரேஷன் கடையில் வரிசையில் நின்று பாமாயில் வாங்கி வருவோம். விளைகிறதைத் தின்றால் ஏழை, கடையில் வாங்கித் தின்றால் வசதி. இந்தப் புத்தியை எங்களுக்கு யார் கொடுத்தார்களோ, அவர்கள் நாசமாகப் போகட்டும்.

அம்மாவை மட்டும் குறை சொல்லி என்ன? அவளுக்குப் படிக்கத் தெரியாது. டின்னில் போட்டிருந்த படத்தைத்தான் படித்தாள். ஒரு பையன் பந்தை உதைத்துக்கொண்டு துள்ளி ஓடுகிற படம். "இதைக் குடிச்சா ஓட்டத்துக்கும் ஆச்சு, மாப்ளைக்கும் ஆச்சு. படத்துல எப்பிடி ஓடுறான் பாரு" என்பாள். மனசார நம்பினாள். நைனா என்னை ஓட்டத் தேர்வுக்கு அனுப்பச் சம்மதித்தபோது அவள் மறுக்காததற்கும் அதுதான் காரணம்.

எனக்கும் பிடித்துப்போயிற்று, அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் குமட்டியது. அப்புறம் நாக்கு பழகிக்கொண்டது. பாலே இல்லாமல் மாவை உள்ளங்கையில் கொட்டி நக்குவேன், அது மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அதை நாக்கால் சுரண்டிச் சுரண்டித் தின்பேன். பன் வர நேரமானால் எரிச்சல் வரும். களி கண்ணில் பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஓடிவிட்டு வா என்று உடம்பு கூப்பிட்டது போய், உட்கார் என்று சொல்ல ஆரம்பித்தது.

நைனாவுக்கு மல்லாட்டை மண்டியில் மூட்டை நிறுக்கிற வேலை. அமாவாசையன்று மண்டிக்கு லீவு. அன்றைக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போவாள், எடை பார்க்க. தரையோடு தட்டு பதிந்திருக்கும் இரும்புத் தராசு அது. அதில் நான் ஏறி நிற்க வேண்டும். சுற்றிலும் சாக்குத் தூசி. நைனா கம்பியில் குண்டைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். முதல் அமாவாசைக்கும் அடுத்ததற்கும் குண்டு நன்றாக நகர்ந்துவிட்டது. நைனா எடையைச் சொல்ல வாய் திறந்தால் அம்மா பாய்ந்து தடுப்பாள்.

"சத்தமா சொல்லாத. கண்ணு பட்டுடும்."

"இங்க யாரு இருக்காங்க? எலிதான் இருக்குது."

"எலிக்கும் கண்ணு இருக்குது."

வீட்டுக்கு வந்ததும் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவாள். ஏறிய சதை இறங்கிவிடக் கூடாதாம். கவலையே வேண்டியிருக்கவில்லை, அது இன்றுவரை இறங்கவில்லை.

கடலூருக்கு நைனாதான் கூட்டிக்கொண்டு போனார். முந்தின வருஷம் பள்ளிப் போட்டிக்குத் தைத்த அரைக்கால் சட்டையைத்தான் எடுத்துப் போயிருந்தேன். மைதானத்து ஓரம் மறைவில் போட்டுப் பார்க்கிறேன், இடுப்பில் பொத்தான் சேரவே இல்லை. மூச்சை இழுத்துப் பிடித்தும் சேரவில்லை. ஓட வந்திருந்த ஒரு பெண் ஊக்கு கொடுத்தாள். அதைக் குத்திக்கொண்டு கோட்டில் போய் நின்றேன்.

விசில் ஊதினார்கள். பாதித் தூரம் முன்னால்தான் இருந்தேன், சத்தியமாக. பிறகு கால் கனத்தது. யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி இருந்தது, பார்த்தால் என் தொடைதான். வளைவில் ஊக்கு அவிழ்ந்துகொண்டது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி ஓடினேன். அப்படி ஓடுகிறவளைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும், வந்தது. ஒவ்வொருத்தியாக என்னைத் தாண்டிப் போனார்கள். கடைசியில் வந்தவள் நான். பெயர் எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "இவ்ளோ வெயிட்டை வெச்சிக்கினு எதுக்குமா இதுக்கெல்லாம் வர்ற?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பார்த்தது அந்த உடம்பைத்தானே.

நைனா என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். பஸ் விழுப்புரம் தாண்டிய பிறகு, "இன்னா பாப்பா, மூச்சு வாங்குச்சா?" என்றார். ஆமாம் என்றேன்.

வாசலிலேயே அம்மா நின்றிருந்தாள். கதை தெரிந்ததும், "போனா போவுது வுடு. மூஞ்சி எப்பிடித் தெரண்டிருக்குது பாரு" என்று கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். அப்போது அவள்மேல் எனக்கு வந்த வெறுப்பை எழுதத் தெரியவில்லை. அவள் செத்தபோது அழுதுகொண்டே அதையும் நினைத்தேன்.

அனந்தபுரத்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, "பொண்ணு வாட்டசாட்டமா இருக்குது" என்று ஒரே பார்வையில் முடித்துவிட்டுப் போனார்கள். அம்மாவின் கணக்கு பலித்தது. கல்யாணத்துக்கு அப்புறமும் நாக்கு பன்னையும் பிஸ்கட்டையும்தான் கேட்டது. பிள்ளைகள் பிறந்தன, உடம்பு இன்னும் ஏறியது. வாட்டசாட்டம் என்று சொன்ன அதே மாமியார், நான் மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதைப் பார்த்து, "சோத்து மூட்டை" என்றாள். நாற்பது வயதுக்கு முன்பே சர்க்கரை வந்தது. இப்போது முட்டி இரண்டும் போய்விட்டது. இதற்கெல்லாம் டின்தான் காரணமா என்று டாக்டரைக் கேட்டால், பல காரணம் இருக்கும்மா என்பார். இருக்கட்டும். எனக்கு ஆரம்பித்த இடம் தெரியும்.

இந்தக் கதையெல்லாம் சொன்னபோது மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ ஓடுனியா? சும்மா சொல்லாதம்மா. போட்டோ இருந்தா காட்டு" என்றாள். போட்டோவுக்கு எங்கே போவேன்? பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவர்களை நிற்க வைத்துப் படம் எடுத்த அன்று அம்மா என்னை அனுப்பவே இல்லை. வற்றல் மாதிரி நின்று படம் எடுத்துக்கொண்டால் நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படும் என்று பயந்தாள். சதை போட்ட பிறகுதான் ஸ்டுடியோவுக்கே கூட்டிப் போனாள். வீட்டில் இருக்கிற முதல் படத்திலேயே நான் குண்டு. நைனாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எங்கள் வீட்டில் ஓடியவளைப் பார்த்தவர்களில் நான் ஒருத்திதான் மிச்சம்.

எனக்கும் அந்த ஓடியவளின் முகம் நினைவில் இல்லை. அந்த வயதில் நான் கண்ணாடியே பார்த்ததில்லை. அசிங்கமாக இருக்கிறாய் என்றுதான் எல்லோரும் சொல்லியிருந்தார்கள்.