தோட்டா இல்லை என்று நான் சொன்ன துவக்கு

கலியாணமாகி ஆறாம் மாதம் எங்கள் வீட்டில் மூன்று பேர் இருந்தோம்: நான், அவர், ஒரு துவக்கு. மூவரிலும் கூடுதலாகச் சத்தம் போட்டது நான்தான் என்று அவர் சொல்லுவார். அதை நான் மறுக்கவில்லை. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான்.

திருகோணமலையில் யப்பான்காரன் குண்டு போட்ட வருசம் அது. அரிசிக்குத் தட்டுப்பாடு, எங்கே பார்த்தாலும் கள்ளர் கதை. எங்கள் வீடு மண்டூரில் வாவிக்கரையோரம் சற்றுத் தள்ளி நின்றது. அவர் பள்ளிக்கூட வாத்தியார். காலையில் போனால் பின்னேரம்தான் திரும்புவார். அதுவரை நெல் மூட்டைகளுக்கும் எனக்கும் நானே காவல். என் அப்பா ஏராளம் வயல் வைத்திருந்த பெரிய போடியார், தன் வயல் வட்டையில் யானையையே அதட்டி விரட்டியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவர்தான் மருமகன் பெயருக்கு லைசென்ஸ் எடுத்து, ஒற்றைக்குழல் துவக்கொன்றைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"கள்ளன் நாள் பாத்து வாறல்ல, மகள். கைக்கெட்டுற இடத்தில வை" என்றார்.

கட்டில் தலைமாட்டில் இரண்டு முளை அடித்துத் தொங்கவிட்டேன். தோட்டாவும் உள்ளேதான். ஐயோ, அந்த நாட்களில் எனக்கிருந்த திமிரைக் கேட்கவேண்டாம்! என்னவர் பள்ளிக்கூடம் போக வீதியில் திரும்பியதும் கதவைச் சாத்திவிட்டு, படுத்தபடியே கையை நீட்டித் துவக்கை எடுத்துப் பழகுவேன். எண்ணி நாலு முடியுமுன் எடுத்துவிடுவேன். கள்ளன் வரமாட்டானா என்று ஏங்காத குறை.

அவருக்கோ துவக்கென்றாலே ஆகாது. கரப்பான் பூச்சியைக்கூடத் தும்புத்தடியால் பக்குவமாகத் தள்ளி வெளியே அனுப்புகிற மனிதர். படுக்கப் போகுமுன் குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துத் தலையணையை மாற்றிப் போடுவார். ஒரு மாதம் பொறுத்தார். பிறகு ஒருநாள் சோறு சாப்பிட்டுக் கை கழுவும்போது மெதுவாகச் சொன்னார்.

"புள்ள, துவக்கு இருக்கட்டும். தோட்டாவக் கழட்டிப் பெட்டிக்குள்ள வை. இல்லாட்டி நான் அம்மாட வீட்ட போயிருவன்."

எங்கள் பகுதியில் இது சின்னப் பேச்சல்ல. வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளை ஒரு பெட்டியும் ஒரு குடையுமாக அதில் வந்து ஏறுகிறவர். அவர் குடையை எடுத்துக்கொண்டு தாய்வீட்டுக்குத் திரும்பினால், 'கட்டினவனை வைத்திருக்கத் தெரியாதவள்' என்று துறையடியிலிருந்து கோயிலடிவரை என் பெயர்தான் நாறும். அதைவிட, எனக்கு அவரைப் பிடிக்கும். ஆகவே கோயில் பக்கம் கையெடுத்து, "இனித் தோட்டா உள்ள இராது" என்று சத்தியம் பண்ணினேன்.

எங்கள் முருகன் கோயிலில் வாயைத் துணியால் கட்டித்தான் பூசை செய்வார்கள். அன்று எனக்கும் யாராவது வாயைக் கட்டியிருக்கலாம்.

ஏனென்றால் மறுநாளே தொடங்கிவிட்டேன். அவர் காலையில் வாசல் படலை தாண்டினால் தோட்டா உள்ளே. பின்னேரம் அவர் குடை தெரிந்தால் தோட்டா வெளியே. தோட்டா இல்லாத துவக்கு உலக்கைக்குக்கூட ஆகாதே, அதை வைத்துக் கள்ளனுக்கு நெல்லா குத்திக் கொடுப்பது? இப்படி எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அவர் வந்து, "இல்லத்தானே?" என்பார். நான் "இல்ல இல்ல" என்பேன். அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அப்படியே நம்பிவிடுவார், பாவி மனிதர்.

சரஸ்வதி பூசை வந்தது. ஏட்டையும் பேனையையும் அவர் வைப்பார். அப்பா வீட்டிலிருந்து கத்தி, அரிவாள், மண்வெட்டி எல்லாம் வரும். ஆயுதமெல்லாம் பூசைக்கு வைக்கும்போது துவக்கை மட்டும் விடலாமா? எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோசம். அவருக்குச் சொல்ல ஒரு நல்ல சேதி என்னிடம் இருந்தது. பூசை முடிந்ததும் சர்க்கரைப் பொங்கலோடு சேர்த்துச் சொல்லுவோம் என்று அடக்கி வைத்திருந்தேன். அந்தத் துள்ளலில், அவர் பூப்பறிக்கப் படலை தாண்டியதும் என் கை பழக்கதோசத்தில் தோட்டாவைப் போட்டுவிட்டது. பள்ளிக்கூடம் விடுமுறை என்பதே எனக்கு நினைவில்லை.

நான் குசினியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தேன். பூவோடு திரும்பிய அவர், துவக்கைத் தானே எடுத்து முழங்காலுக்கிடையில் நிறுத்தி வைத்துக்கொண்டு அலங்காரம் பண்ணத் தொடங்கிவிட்டார். அதைத் தொடவே பயந்த மனிதர்! என்னைச் சந்தோசப்படுத்தத்தான்.

"புள்ள, இதுக்குள்ள ஒண்டும் இல்லத்தானே?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது.

"இல்ல இல்ல!" என்றேன். கடுகு வெடித்துக்கொண்டிருந்தது.

குழல் வாய்க்குச் சந்தனப் பொட்டு வைத்தார், முகம் குனிந்து. பிறகு நிமிர்ந்து, துவக்கின் அடிகொக்கியான குதிரையைப் பின்னால் இழுத்து அதன் இடுக்கில் எண்ணெய் பூசினார். எண்ணெய் விரல் வழுக்கியது.

டமார்! தென்னோலைக் கிடுகுக் கூரையில் ஓட்டை விழுந்தது. நான் அகப்பையோடு ஓடிவந்தேன். அவர் இருந்த இடத்திலேயே இருந்தார். முகமெல்லாம் கரி, தலையெல்லாம் கிடுகுத் தும்பு, மடியில் செவ்வரத்தம்பூ. உயிரோடு இருந்தார். கட்டிப்பிடித்து அழுதேன். அவர் என் கையை மெதுவாக விலக்கினார்.

"இல்லண்டு சொன்னியே புள்ள" என்றார்.

அதற்குள் வெளியே உலகம் தலைகீழாகிவிட்டது. "யப்பான்காரன் வந்துட்டான்! ஓடுங்க கா!" என்று ஒரு குரல், அதன் பின்னால் ஊரே துறையை நோக்கி ஓடியது. பானையோடு ஒருத்தி, கோழியோடு ஒருத்தி. எல்லாருக்கும் முன்னால், வேட்டியை ஒரு கையாலும் வெற்றிலைத் தட்டத்தை மறு கையாலும் பிடித்துக்கொண்டு, யானையை அதட்டிய என் அப்பா! தோணியில் முதலில் ஏறியவர் அவர்தான். யப்பான்காரன் கடலால்தான் வருவான் என்று ஊருக்கெல்லாம் படித்துப் படித்துச் சொன்னவரே, தோணியைக் கடல் பக்கம்தான் தள்ளச் சொன்னார்.

இவர் முகத்தைக் கழுவினார். மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்தார். நடந்துபோய் அதே தோணியில் ஏறினார். நடந்ததைப் பிறகு அப்பாவே சொன்னார்.

"மருமகன், மகள் எங்க?" என்று அலறினாராம் அப்பா.

"வீட்டதான் மாமா. துவக்கோட இருக்கா."

"யப்பான்காரன் வந்தா?"

"வந்தது யப்பான்காரன் இல்ல மாமா. உங்கட மகள்தான் வெடி வச்சது" என்று நடு வாவியில் சொன்னாராம்.

தோணி எல்லாரையும் திருப்பிக் கொண்டுவந்தது, அக்கரையில் தாய்வீட்டுக்கு இறங்கிவிட்ட அவரைத் தவிர. அப்பாவுக்கு ஓடிய வெட்கம்; அதையும் சேர்த்து என்மேல் கொட்டினார். "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் இல்ல" என்றார். அது உண்மைதான், கடலை முழுக்கக் கருகிப்போயிருந்தது. கூரை ஓட்டையால் வெயில் ஒரு காசளவு நிலத்தில் விழுந்தது. அவர் குனிந்து பொட்டு வைத்த இடத்துக்கு நேரே விழுந்தது. சற்றுமுன் அந்த இடத்தில் அவர் முகம் இருந்தது. ரோசமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

போன மாப்பிள்ளையைப் பெண் போய் அழைப்பது எங்களில் வழக்கமில்லை, பெரியவர்கள்தான் போவார்கள். வழக்கத்தைத் தூக்கி வாவியில் போட்டுவிட்டு, துவக்கைப் பாயில் சுற்றிக்கொண்டு நானே வெளிக்கிட்டேன். தோணிக்காரர் பாயைப் பார்த்ததும், "புள்ள, அத எண்ட பக்கம் திருப்பாத" என்று கெஞ்சினார். அக்கரையில் இறங்கி, அவர் ஊரான களுதாவளைக்கு மணலில் நடந்தேன். மாமியார் வளவில் அவர் வேப்பமரத்தடியில் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். மாமியார் என்னையும் பாயையும் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

துவக்கை அவர் காலடியில் வைத்தேன்.

"உள்ள ஒண்டும் இல்ல" என்றேன்.

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் துவக்கை எடுத்தார், நடுவில் முறித்துத் திறந்தார், குழலுக்குள் கண்ணை வைத்து வானத்தைப் பார்த்தார். வெறும் குழல். அப்படியும் விரலை விட்டுத் துழாவினார். எனக்குச் சுருக்கென்றது. இத்தனை நாளும் திறந்து பாராமல் நம்பிய மனிதர்.

"இன்னொண்டும் சொல்லக் கிடக்கு" என்றேன். "நான் முழுகாம இருக்கன்."

அவர் கை துவக்கில் அப்படியே நின்றது. "மெய்யாவா?"

"இத உங்களால திறந்து பாக்க ஏலா. நம்பத்தான் வேணும்."

துவக்கைக் கீழே வைத்தார். பிறகு எழுந்து, குடையை விரித்து என் தலைக்குமேல் பிடித்தார்.