விளிம்பு வரை ஊற்றிய தேநீர்

அடுத்த அறையில் தேநீர் ஊற்றும் ஓசை கேட்டது.

அடுப்படியில் மாவு உருண்டைகளைப் பொரித்துக்கொண்டிருந்த ஜூராவின் கை அப்படியே நின்றது. இரண்டு மிடறு அளவில் நின்றிருக்க வேண்டிய ஓசை அது. நிற்கவில்லை. கிண்ணம் நிறைந்து தளும்பும் வரை விழுந்துகொண்டே இருந்தது.

"போச்சு. இவங்களையும் விரட்டிட்டா" என்று ஜூரா கரண்டியிடம் சொன்னாள்.

அவள் நினைத்தது போலவே பக்கத்து வீட்டுப் புருலின் குரல் வந்தது. "சரிம்மா, நாங்க கிளம்புறோம். மாடு கத்தும்."

"மாட்டைப் போன மாசமே வித்துட்டீங்களே அத்தை" என்றாள் கூட வந்த நசீகா.

"வாயை மூடிட்டு பூட்ஸை மாட்டு."

ஜூரா வாசலுக்கு ஓடினாள். புருல் தலைத்துணியை இறுக்கிக் கட்டியபடி சீறினாள். "நீ கெஞ்சினியேன்னுதான் ஜூரா வந்தோம். வரவழைச்சு உக்கார வச்சு, குடிச்சிட்டுக் கிளம்புன்னு விளிம்பு வரைக்கும் ஊத்தி நீட்டுறா! என்ன சீண்டலா இது?"

நசீகா தன் மாமியாரின் அக்காவான புருலுக்குப் பின்னாலேயே போனாள். கிர்கீஸ் நாட்டு நாரின் நகரத்துக் குளிர்காற்று வாசலில் கொஞ்சம் பனியைக் கொட்டிவிட்டுப் போனது.

ஜூராவுக்குக் கோபம் பொங்கியது. பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்து வரும்படி காலையில் கையைப் பிடித்துக் கெஞ்சியவளே இந்தப் பெண் யூன்ஹாதானே? வந்தவர்களை ஏன் போகச் சொல்கிறாள்?

இலையுதிர் காலத்தில், கொரியாவிலிருந்து ஒரு திருச்சபை அனுப்பிய ஊழியக்காரியாக யூன்ஹா இந்த வீட்டு முன்னறைக்குக் குடிவந்தாள். முதல் நாளே ஜூராவை உட்காரவைத்துக் கிண்ணம் நிறையத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். ஜூரா முகம் சுருங்கி, நாக்குச் சுடச்சுட அதைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டாள். அதோடு சரி. வாடகைக்கு வந்தவள் தனியாக இருக்க விரும்புகிறாள் போலும் என்று ரொட்டியை வாசற்படியிலேயே நீட்டுவாள், காசை வாங்குவாள், திரும்புவாள். மாலையில் அந்த அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வரும். சில நாள் பாட்டு பாதியிலேயே விம்மலாகிவிடும். ஜூரா காலுறை பின்னும் ஊசியை இன்னும் வேகமாக ஓட்டி, காதை அடைத்துக்கொள்வாள்.

இன்று அடைக்க முடியவில்லை. உள்ளே யூன்ஹா நிறைந்த கிண்ணங்களுக்கு நடுவே மண்டியிட்டு அழுதுகொண்டிருந்தாள். கதவோரம் கட்டிவைத்த பெட்டி.

"எல்லாரும் போறாங்கக்கா. நான் ஆண்டவரைப் பத்தி ஒரு வார்த்தைகூடப் பேசல. வாயைத் திறக்கிறதுக்குள்ள போறாங்க." அவளுடைய கிர்கீஸ் மொழி இடறி இடறி வந்தது. "இன்னிக்கு எங்க சபைப் பாஸ்டர் வர்றார். உன் வீட்டுக்கு ஒரு மனுஷரும் வர்றதில்ல, நீ வாடிப்போறே, ஊருக்கு வான்னு சொல்லிட்டார்."

"போகச் சொன்னது நீதானேடி?"

"நானா?"

"கிண்ணம் நெறைய ஊத்தினா வேற என்ன அர்த்தம்? இதைக் குடி, எழுந்து போ."

யூன்ஹா விழித்தாள். பிறகு, அடிபட்டவள் போல வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கம்மா துறைமுகத்துல சாப்பாட்டுக்கடை வச்சிருந்தாங்க. பாதி ஊத்தினா என் கையிலேயே அடிப்பாங்க. வந்தவங்களைக் கொறைச்சு நெனக்கிறியான்னு கேப்பாங்க."

"இங்க அப்படி இல்லம்மா. கொஞ்சமா ஊத்தினா மறுபடி ஊத்தணும், மறுபடி ஊத்தணும்னா நீ இருக்கணும். அதுதான் மரியாதை."

"யாருமே சொல்லலியே!"

"போன்னு சொன்னவகிட்ட, ஏன் சொன்னேன்னு யாரு திரும்பி வந்து கேப்பா?"

"நீங்களும் அதனாலதான் உள்ள வரலியாக்கா?"

கணவனின் லாரி டோலோன் கணவாயில் கவிழ்ந்து அவன் இறந்த பிறகு, மாஸ்கோவுக்குப் போய் அடுக்குமாடிகளின் படிக்கட்டுகளைப் பெருக்கிய வருஷங்கள் ஜூராவுக்கு நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு படியிலும் ஒரு கதவு. ஒரு கதவாவது அவளுக்காகத் திறந்ததில்லை. இரவுகளில் சுவரைப் பார்த்து அழுதவள், ஊர் திரும்பி வந்து, தன் வீட்டிலேயே ஒரு பெண்ணைச் சுவரைப் பார்த்து அழவிட்டிருக்கிறாள்! யூன்ஹாவை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். இருவரும் அழுதார்கள். பிறகு ஜூரா முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடி, மதிலுக்கு மேல் கத்தினாள்.

"புருல் அக்கா! இல்லாத மாட்டைக் கட்டிப் போட்டுட்டு வாங்க! அந்தப் பொண்ணுக்குத் தெரியாதாம்! அவங்க ஊர்ல நிறைய ஊத்தினாத்தான் மரியாதையாம்!"

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து புருலின் சிரிப்பு தெருக்கோடி வரை போனது.

பாஸ்டர் ஹான் வந்தபோது அறை நிறைந்திருந்தது. நரைத்த தலை, களைத்த முகம், கோட்டெல்லாம் பனி. மகளைத் தேடி வந்த தகப்பனைப் போல யூன்ஹாவை உற்றுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

யூன்ஹா புருலுக்கு இரண்டு மிடறு ஊற்றி, வலது கையால் நீட்டினாள். புருல் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். திண்டை இழுத்து முதுகுக்கு வைத்துக்கொண்டாள்.

"அப்பாடி, இப்பத்தான் என் முழங்கால் நீளுது. ஏம்மா, சாயங்காலம் பாடுறியே, சுவர் தாண்டி எனக்குக் கேக்குது. ஒரே சோகம். உங்க கோயில்ல கல்யாணப் பாட்டே கிடையாதா?"

"இருக்கு பெரியம்மா. பாடுறேன். ஆண்டவரைப் பத்திகூடச் சொல்றேன்."

"சொல்லு, கேக்கிறேன். ஆனா என்னை மாத்தலாம்னு பாக்காதே. நான் தொழுகையையே ஒழுங்காப் பண்ணாதவ. என்னை வாங்கி உன் ஆண்டவர் என்ன செய்வார், பாவம்?"

கிண்ணங்கள் போய்ப் போய்த் திரும்பின. ஆனால் பாஸ்டரின் கண் மட்டும் பெட்டியை விட்டு நகரவில்லை. தம் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். யூன்ஹா தலைகுனிந்தாள்.

"இன்னிக்கு வந்துட்டாங்க, நாளைக்கு யார் வருவாங்கன்னு கேக்கிறார்."

ஜூரா நிமிர்ந்தாள். "நான் சொல்றதை அப்படியே அவர்கிட்டச் சொல்லு. மாஸ்கோவுல என் கதவை ஒருத்தரும் தட்டல. அது எப்படி வலிக்கும்னு தெரிஞ்சவ நான். தெரிஞ்சும் இவளுக்கு அதையே செஞ்சேன். இனிமே இவ சாப்பாடு வாசற்படியில இல்ல, என் பக்கத்துல."

அதை மொழிபெயர்த்துச் சொன்ன யூன்ஹாவின் குரல் பாதியில் உடைந்தது. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். ஆனாலும் 'சரி' என்ற சொல் வரவில்லை.

ஜூரா கெட்டிலை எடுத்தாள். பாஸ்டரின் கிண்ணத்தில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். விளிம்பு வரை.

நசீகா தலைத்துணியை வாயில் திணித்துக்கொண்டாள். பாஸ்டரோ முகம் மலர்ந்து, இரு கைகளாலும் வாங்கித் தலைதாழ்த்தி, கடகடவென்று குடித்துவிட்டு மறுபடி நீட்டினார். ஜூரா மறுபடியும் விளிம்பு வரை ஊற்றினாள்.

"இந்த மனுஷனுக்கு இன்னும் எப்படித்தான் சொல்றது?" என்றாள் புருல்.

யூன்ஹா வெடித்துச் சிரித்தாள். அந்த வீட்டுச் சுவர்கள் முதல்முறையாகக் கேட்ட அவளுடைய சிரிப்பு. கண்ணீர் வழியச் சிரித்துக்கொண்டே பாஸ்டரிடம் அவர் மொழியில் விஷயத்தைச் சொன்னாள். அவர் கிண்ணத்தைப் பார்த்தார், ஜூராவைப் பார்த்தார், கடைசியாகச் சிரிக்கிற அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு எழுந்தார்.

கதவருகே குனிந்து பெட்டியைத் தூக்கினார். அவர் அதை அறையின் உள்மூலைக்குக் கொண்டுபோய், யூன்ஹாவின் கட்டிலடியில் தள்ளிவைத்தார். அவள் தலைமேல் கைவைத்து முணுமுணுவென்று ஜெபித்தார். ஜூரா திணித்த பொரித்த உருண்டைப் பொட்டலத்தோடு, வெறுங்கையாக வந்தவர் பனியில் இறங்கி நடந்தார்.

யூன்ஹா கதவைச் சாத்திவிட்டு, காத்திருந்த புருலின் கிண்ணத்தில் இரண்டு மிடறு ஊற்றினாள்.