தாய்மாமனை எந்த சாஃப்ட்வேரில் ஒட்டுவது?

கம்ப்யூட்டரில் குடும்ப ஆல்பம் செய்யக் கற்றுக்கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு, வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். ஒரு கஷ்டமும் உண்டு, பதில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

முன்பெல்லாம் கெட்டி அட்டையில் போட்டோவை ஒட்டி, சுற்றிலும் ஜிகினா, கல்யாணப் பத்திரிகைத் துண்டு, ரயில் டிக்கெட் எல்லாம் ஒட்டி, கீழே இரண்டு வரி எழுதி வைப்போம் இல்லையா? அதையே பசையும் கத்தரிக்கோலும் இல்லாமல் திரையில் செய்வதற்கு டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பட்டாபிராம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், ஒரு மொபைல் கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அதற்கு வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன்னால் அம்பத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண ஆல்பம் டிசைன் செய்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளைகளின் தொப்பையை உட்கார்ந்தே குறைத்துக் குறைத்து எனக்குத் தொப்பை போட்டதுதான் மிச்சம். "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று சொல்லி, உங்கள் தலையிலும் யாராவது ஒரு விசேஷத்தின் மொத்தப் போட்டோவையும் பென் டிரைவில் கட்டியிருந்தால், வாருங்கள், நீங்களும் நம்ம கட்சிதான்.

பெரியவர், நடுவுலவர், சின்னவர்

எந்த சாஃப்ட்வேர் நல்லது? இதுதான் அந்த ஒரே கேள்வி. கம்பெனிப் பெயர்களைச் சொன்னால் குழம்புகிறார்கள் என்று நானே மூன்று பெயர் வைத்தேன். காசு கட்டி வாங்குகிற, எல்லாம் தெரிந்த, திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடலாம் என்கிற ரகம் பெரியவர். இலவசமாகக் கிடைக்கிற, முதலில் முரண்டு பிடித்தாலும் பழகினால் ஒழுங்காக உழைக்கிற ரகம் நடுவுலவர். ஃபோனிலேயே இருந்துகொண்டு, தொட்டவுடன் பூ, பலூன், பட்டாம்பூச்சி எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டுகிற ரகம் சின்னவர். நாலு படத்தை அடுக்கிப் பெயர் எழுதினால் போதும் என்பவர்களுக்குச் சின்னவர் போதும். ஒரு படத்தில் இருக்கும் ஆளை எடுத்து இன்னொரு படத்தில் நிற்க வைக்க வேண்டுமென்றால் நடுவுலவர். புதிதாகக் கற்கிறவர்கள் பெரியவர் வீட்டுப் பக்கமே போகவேண்டாம்.

இந்த முறை இதைச் சொல்லி முடித்ததும் முன்வரிசையில் விஸ்வநாதன் சார் கையைத் தூக்கினார். பேங்கில் ரிடையர் ஆகி, அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த ஃபிளாட்டில் மகனோடு இருக்கிறார். பேத்தியின் குழந்தைப் பருவத்தை ஒரு புத்தகமாக்க வேண்டும் என்று சேர்ந்தவர். என்ன சந்தேகம் என்றேன். "சந்தேகம் இல்ல மேடம், நீங்க வேண்டாம்னு சொன்ன பெரியவரை என் பையன் நேத்தே இன்ஸ்டால் பண்ணிட்டான், அப்பலேருந்து கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே இல்ல."

ஏரிக்கரை ஆராய்ச்சி

கம்ப்யூட்டர் எழுந்தது. ஆனால் விஸ்வநாதன் சார் அத்தோடு விடுகிற ஆள் இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு புது சாஃப்ட்வேரை இறக்கி, அதைப் பற்றி யாரோ பேசிய வீடியோவை முழுதாகப் பார்த்து, அதன் நிறை குறைகளை எனக்கே பாடம் எடுத்துவிட்டு, அடுத்த வாரம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றோடு வந்து நிற்பார். ஆரம்பித்தபோது பேத்தி தவழ்ந்துகொண்டிருந்தாள். இப்போது நடக்கிறாள், ஓடுகிறாள், தாத்தாவின் மவுஸைப் பிடுங்கிக் கடிக்கிறாளாம். ஆல்பத்தில் மட்டும் இன்னும் அவள் பிறக்கவே இல்லை.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஒரு பக்கமாவது ஆரம்பிங்க சார்" என்று கெஞ்சினேன். அவர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "அவசரப்பட்டு இதுல ஆரம்பிச்சு, அடுத்த வாரமே இதைவிட நல்லது ஒண்ணு வந்துட்டா, நீங்களா பதில் சொல்லுவீங்க?"

பேனரில் வந்த வினை

லோகநாயகியின் கதை வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறார், வீடு கோவில்பதாகையில். ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் அவர் மகள் ஜனனிக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். தெருமுனையில் ஃபிளெக்ஸ் பேனர் வைக்காமல் எங்கள் பக்கத்தில் எந்த விசேஷமும் நடக்காது. சீர் கொண்டுவருகிற தாய்மாமன் படம் அதில் மேலே பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் ஊரறிந்த சட்டம். பேனர் கடைக்காரர் அந்த இடத்தில் லோகநாயகியின் கணவருடைய அண்ணனைப் போட்டுவிட்டார். லோகநாயகியின் கூடப்பிறந்த அண்ணன் ஏழுமலையைக் கடைசி வரிசையில், "அன்புடன் அழைக்கும் குட்டீஸ்" என்ற தலைப்பின்கீழ், பல் விழுந்த இரண்டு பொடியன்களுக்கு நடுவில் வைத்துவிட்டார்.

ஏழுமலை லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். சீர்வரிசைத் தட்டுகளோடு வந்தவர் தெருமுனையில் பேனரை அண்ணாந்து பார்த்தார். வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அன்றோடு பேச்சுவார்த்தை நின்றது. இத்தனைக்கும் இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. ரேஷன் கடையில் எதிரெதிரே நின்றால்கூட ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்களாம். இப்போது ஜனனி நர்சிங் படிக்க வேலூர் போகிறாள். ஹாஸ்டலுக்கு எடுத்துப் போக ஒரு ஆல்பம் செய்து தருகிறேன் என்று அம்மா சொல்ல, மாமா இல்லாத ஆல்பம் எனக்கு வேண்டாம் என்று பெண் சொல்லிவிட்டாள். ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பார்த்திருக்கிறார். அவர்கள் ஏழுமலையின் தலையை எடுத்து நேராக வேறு யாரோ ஒருவரின் சட்டைக் காலர்மேல் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் நானே கத்துக்கலாம்னு வந்தேன் என்று அந்தப் படத்தை என்னிடம் நீட்டினார். "கழுத்தே இல்லாத அண்ணன வெச்சிகினு நான் இன்னா மேடம் பண்றது."

பீரோவில் சேலை

நடுவுலவரைப் பழக வேண்டுமென்றால் லேயர் என்பது புரிய வேண்டும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு படம் ஒட்டுவது போலத்தான். நான் பீரோவில் சேலை அடுக்குவதை உதாரணம் சொன்னேன். மேலே ஒன்று, அடியில் ஒன்று, எதை வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம், மாற்றி வைக்கலாம், மற்றது கலையாது என்றேன். லோகநாயகி யோசித்துவிட்டு, அடிச்சேலையை உருவினால் மேலே இருப்பது கலையாத பீரோவைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார். அதற்கப்புறம் அந்த உதாரணத்தை நான் எங்கேயும் சொல்வதில்லை.

விழாப் படத்தில் ஜனனிக்கு மாலை போடுவது, அவசரத்துக்குப் பிடித்து நிறுத்திய ஒன்றுவிட்ட மாமன். அவரை எடுத்தால்தான் ஏழுமலைக்கு இடம். அவர் கோபித்துக்கொண்டால் அடுத்த சண்டை ஆகிவிடாதா என்று எனக்குக் கவலை. லோகநாயகி அதற்கும் வழி வைத்திருந்தார். "அவரு பந்தில குந்திகினு பாயசம் குடிக்கிற போட்டோ ஒண்ணு கீது மேடம், அத்த ஒரு பக்கம் முழுக்க போட்டுட்டா மனுசன் வாயே தொறக்க மாட்டாரு."

சின்னவர் செய்த உபகாரம்

அண்ணனுடைய படம் என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கூலிங் கிளாஸ், கட்டிய கை, வானத்தைப் பார்த்த முகம். பொறுமை இல்லாமல் ஒருநாள் வீட்டிலேயே ஃபோனில் சின்னவரைத் திறந்து அதை ஒட்டிப் பார்த்திருக்கிறார். சின்னவருக்கு ஒரு கெட்ட பழக்கம், யாரும் கேட்காமலே அழகுபடுத்தும். ஏழுமலையைப் பாலில் தோய்த்து எடுத்தது போல் வெளுக்கவைத்து, மீசையை மெலிதாக்கி, கன்னத்தில் ரோஜா நிறமும் பூசி, தலைக்கு மேலே இரண்டு பட்டாம்பூச்சியையும் பறக்கவிட்டிருந்தது. எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன், அவர் சிரிக்கவில்லை. "எங்க அண்ணன் வெய்யில்ல லோடு ஏத்தறவரு மேடம், இது இன்னாமோ சோப்பு வெளம்பரத்துல வர்ற ஆளு மாரி கீது."

நடுவுலவர் நன்றாகத்தான் உழைத்தார்

அதன்பின் லோகநாயகி ஒழுங்காக நடுவுலவரிடமே உட்கார்ந்தார். ஓரம் ஓரமாகப் பிடித்து, காது, மீசை, சட்டை மடிப்பு என்று ஒவ்வொன்றாக அண்ணனை அந்தப் படத்திலிருந்து வெட்டியெடுத்த விதம் இருக்கிறதே, ஸ்டுடியோவில் என்னோடு வேலை பார்த்தவர்கள்கூட அவ்வளவு அக்கறையாகச் செய்ததில்லை. வெட்டும்போது திரையோடு ஏதோ முணுமுணுப்பார். ஒருமுறை காது கொடுத்துக் கேட்டேன், அண்ணனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

முடிந்த அன்று ஜனனியையும் கூட்டி வந்தார். படம் சுத்தமாக ஒட்டியிருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது, கழுத்துகூட இருந்தது. ஜனனி வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தாம்மா கீது, ஆனா மாமா எனக்கு மால போட வந்த மாரி தெரியல, மழ வருதான்னு பாத்துகினு நிக்கறாரு."

வெளிச்சம் இடது பக்கம்

அவள் சொன்னது சரிதான். கட்டிய கையை எந்த சாஃப்ட்வேராலும் பிரிக்க முடியாது என்பதை நான் சொல்லியே ஆக வேண்டியிருந்தது. இதற்கு ஒரே வழி, ஏழுமலையைப் புதிதாகப் படம் எடுப்பது. பக்கவாட்டில் நிற்க வேண்டும், மாலை பிடித்தது போல் இரண்டு கையும் தூக்கியிருக்க வேண்டும், விழாப் படத்தில் இருப்பது போல வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழ வேண்டும். லோகநாயகியின் முகம் சுருங்கிப்போனது. "போட்டோ கேக்கணும்னா மொதல்ல பேசணுமே மேடம்" என்றார். ஜனனி ஊருக்குக் கிளம்ப அதிக நாளும் இல்லை. எனக்கு மிகவும் பாவமாக இருந்தது.

விஸ்வநாதன் சார் உதவிக்கு வந்தார். இப்போது ஏஐ வந்துவிட்டது, பழைய படத்தைக் காட்டி மாலையோடு நிற்கிற மாதிரி ஒரு மாமனைச் செய்து கொடு என்றால் உடனே செய்து கொடுத்துவிடும் என்று தன் ஃபோனையும் நீட்டினார். லோகநாயகி அதைக் கையால் வாங்கவே இல்லை. "உயிரோட ரெண்டு தெரு தள்ளி கீறாரு சார் எங்க அண்ணன், அவர எதுக்கு செய்யணும்."

சிலிண்டரும் கொடிக்கயிறும்

அடுத்த ஞாயிறு லோகநாயகி வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தார். காலையில் அண்ணன் வாசலில் லோடு ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, கையில் ஒரு மாலையோடு போயிருக்கிறார். இத்தனை வருஷம் கழித்து எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் சொல்லிக்கொடுத்ததையே ஒப்பித்திருக்கிறார்: "அண்ணே, சைடா நிக்கணும், ரெண்டு கையும் தூக்கணும், வெளிச்சம் லெஃப்ட்லேர்ந்து வரணும்." ஏழுமலை வாளியைக் கீழே வைத்தாராம். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். சொன்னபடி பக்கவாட்டில் நின்று மாலையைத் தூக்கிப் பிடித்தார். பிடித்தவர், "எதுர்ல ஆளு இல்லாம காத்துக்கா மால போடுவாங்க? போய் பாப்பாவ இட்டுகினு வா" என்றாராம். தெருமுனையில் சைக்கிளோடு நின்றிருந்த ஜனனி ஓடி வந்திருக்கிறாள். ஃபோனை வாங்கிப் படம் எடுத்தது அண்ணி.

படத்தைத் திரையில் போட்டார். ஜனனி கழுத்தில் மாலை, எதிரே ஏழுமலை, அவருக்குக் கண் கலங்கியிருப்பது நன்றாகவே தெரிந்தது. விஸ்வநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். ஒட்டிய இடமே தெரியவில்லையே, இது எந்த சாஃப்ட்வேர் என்று கேட்டார். நிஜமாகவே நின்றார் சார் என்று லோகநாயகி சொன்னது அவருக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆனது. எனக்கும் தொழில் புத்தி போகவில்லை. பின்னால் கேஸ் சிலிண்டர், கொடிக்கயிற்றில் லுங்கி, பாதி லோடு ஆட்டோ எல்லாம் தெரிந்தன. அதையெல்லாம் எடுத்துவிட்டுப் பின்னணியில் மண்டபத்தைப் போட்டுவிடலாம், நடுவுலவருக்கு இது ஒரு வேலையே இல்லை என்று மவுஸை எடுக்கப் போனேன். லோகநாயகி அதன்மேல் கையை வைத்துவிட்டார். "வேணாம் மேடம், ஒண்ணியும் எடுக்காதீங்க, அது எங்க அண்ணன் ஊடு."

எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று அடுத்த ஞாயிறும் கேட்பார்கள், நானும் நடுவுலவரையே சிபாரிசு செய்வேன். என் வகுப்பில் இதுவரை உருவான பக்கங்களிலேயே நல்ல பக்கம் எதையும் வெட்டாமல் வந்தது என்பதை மட்டும் வாசல் போர்டில் எழுதப் போவதில்லை, எழுதினால் அப்புறம் மாடி ஏறி யார் வருவார்கள்.